ஒரே தண்ணீர், மூன்று காலண்டர்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தப்பட்டது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் நம் செயலாளர் போன் செய்து, "நீ அணை வேலை பார்க்கிறவன்தானே, தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றி இருபது நிமிஷம் பேசு. ஆனா தூக்கம் வராத மாதிரி பேசு" என்றார். முதல் பகுதிக்கு நான் பொறுப்பு. இரண்டாவது பகுதிக்கு மத்தியானச் சாப்பாடு போட்ட விழாக் குழுதான் பொறுப்பு.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கே பேசுவது நான் வேலை பார்க்கும் இடத்தின் கருத்து அல்ல. உங்களில் ஒருவனாக, இந்த ஹைட்ராலிக்ஸ் லேபில் ரீடிங்கைத் திருத்தி எழுதி மாட்டிக்கொண்ட பழைய மாணவனாகப் பேசுகிறேன்.

நாங்கள் மூன்றாம் வருஷம் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேர் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனோம். பவானி ஆற்றில் குளிக்கத்தான். கோடைக்காலம். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். நடு ஆற்றில் ஒரு பெரிய பாறை. அதில் ஏறி உட்கார்ந்து, கொண்டுபோன பொட்டலங்களைப் பிரித்தோம். நாலு மணி இருக்கும். கீழே வைத்திருந்த செருப்பு நகர்ந்தது. யாரோ விளையாடுகிறான் என்று நினைத்தோம். பார்த்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது, மழை கிடையாது. கரையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "ஏனுங் தம்பிகளா, கரண்டுக்குத் தண்ணி உட்டுட்டாங்க. ஏறுங்க, ஏறுங்க!" நாங்கள் கரைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நீச்சல் தெரியாத ஒருவனை மூன்று பேர் பிடித்து இழுத்து வந்தோம். அவன் இப்போது இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், மனைவி பக்கத்தில் இருக்கிறார்.

கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. சிவில் என்ஜினீயரிங் மாணவர்கள் ஆறு பேர், மேலே நீர்மின் நிலையம் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதத் தெரிந்தவர்கள், அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்குக் கீழே வரும் என்று யோசிக்கவில்லை. அன்றைக்கு விளங்காத ஒரு விஷயம், வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து விளங்கியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பவானி ஆற்றையே எடுத்துக்கொள்வோம். மேலே நீலகிரி. அங்கே இரண்டு தொடர்கள். ஒன்று பைக்காரா. 1932இல் தொடங்கிய பழைய நீர்மின் திட்டம். முக்கூர்த்தி, பைக்காரா அணைகளின் தண்ணீர் கிளன்மார்கன் வழியாகக் குழாயில் இறங்கி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே சிங்காராவில் டர்பைனைச் சுழற்றுகிறது. 2005இல் அதே தண்ணீருக்கு 150 மெகாவாட் நிலத்தடி மின் நிலையமும் வந்தது. சிங்காராவை விட்ட தண்ணீர் மாயாறு மின் நிலையத்தில் மறுபடி ஒரு முறை வேலை செய்துவிட்டு, மாயாறு வழியாகப் பவானிசாகர் போகிறது. இன்னொன்று குந்தா. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று மலையுச்சி அணைகளில் தேங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்கி, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி அதே பவானிசாகருக்கு வருகிறது. எங்கள் செருப்பை அடித்துப் போனது இந்தத் தொடரின் தண்ணீர்.

பவானிசாகர் 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் நீளம். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் பாசனம். இவ்வளவுக்கும் ஒரே போகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது என்பதால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை நஞ்சைக்குத் தண்ணீர். மறு பாதிக்கு அதன் பிறகு ஏப்ரல் வரை கடலை, எள்ளு போன்ற புஞ்சைப் பயிருக்கு நனைப்பு. அடுத்த வருஷம் மாறும். இதற்கெல்லாம் முந்திய உரிமை கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால்களுக்கு உண்டு. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டு வேலை. லெவல் கருவி இல்லாத காலத்தில் அந்த வாட்டம் எப்படிப் பிடித்தார்கள் என்பது இன்றைக்கும் நமக்குப் பாடம்.

மூன்றாவது தரப்பை நாம் மறந்துவிடுகிறோம். பைக்காரா ஏரியில் படகு விடுகிறார்கள். கொடிவேரி அணைக்கட்டில் விடுமுறை நாளில் குளிக்க வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று பவானிசாகர் பூங்காவில் நிற்க இடம் இருக்காது. பொழுதுபோக்கு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். படகு ஓட்டுகிறவருக்கும், மீன் வறுத்து விற்கிற அம்மாவுக்கும், மக்காச்சோளம் சுடுகிறவருக்கும் அது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே குடிநீர். கோவைக்குப் பில்லூரிலிருந்து வருகிறது. ஆற்றோரத்து ஊர்களுக்குப் பவானியிலிருந்து வருகிறது. குடிநீர் முதலில் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை அதற்கு அடுத்த இடத்துக்குத்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், இன்டர்னல் மார்க் கிடையாது.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். அது ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், இயந்திரங்களின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 6.5 கோடி யூனிட் மின்சாரம். அதே ஒரு டி.எம்.சி. சமவெளியில் வெறும் 20 மீட்டர் இறங்கினால் 13 லட்சம் யூனிட். அதே தண்ணீரை வயலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிறுத்தினால் 7,000 ஏக்கர் நிற்கும். கீழ்பவானிக் கால்வாயில் முழு அளவான 2,300 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. ஐந்து நாளில் தீர்ந்துவிடும். பத்து நாள் திறந்தால் இரண்டு டி.எம்.சி.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், மின்சாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை. டர்பைனில் நுழைந்த அளவு அப்படியே வெளியே வந்து கீழே போகிறது. படகும் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஏரியில் நின்றால் போதும். குடிப்பது பயிர் ஒன்றுதான். அப்படியானால் சண்டையே வரக்கூடாதே? மேலே கரண்டு எடு, கீழே பாசனம் செய், இரண்டும் ஒரே தண்ணீர்தானே? மூன்றாம் வருஷப் பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன். எட்டு மார்க் கூடக் கிடைத்தது.

சண்டை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மின்சாரம் மணிக்கணக்கில் யோசிக்கிறது. இன்றைக்குப் பகலில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும், வீட்டு விளக்கும் ஏசியும் அதே நேரத்தில் ஏறும். மாலை ஆறிலிருந்து பத்து வரைக்கும் சில நிமிஷத்தில் ஓடத் தொடங்கக்கூடியது நீர்மின் நிலையம். அதனால் அந்தத் தண்ணீரின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. வருஷத்தில் பார்த்தால் ஏப்ரல், மே மாதத்துக்கு அதை வைத்திருக்கப் பார்ப்பார்கள். பாசனம் மாதக்கணக்கில் யோசிக்கிறது. விதைத்த நாளிலிருந்து அறுக்கிற நாள் வரைக்கும் இடைவெளி தவறாமல் வேண்டும். சுற்றுலா ஞாயிற்றுக்கிழமையையும் ஊட்டி சீசனையும் வைத்து யோசிக்கிறது. ஏப்ரல், மேயில் ஏரி நிறைந்திருக்க வேண்டும். மின்சாரக்காரர் இறக்கப் பார்க்கிற அதே மாதம்!

மூன்று பேர் வீட்டுச் சுவரிலும் மூன்று காலண்டர். ஆற்றில் ஒரே தண்ணீர்.

மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் இந்த மூன்று காலண்டரும் ஒன்றுக்கொன்று இடிக்காது. பெய்யாத வருஷத்தில்தான் தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எல்லோர் பக்கமும் இருக்கும். அதுதான் கஷ்டம்.

இப்போது என் வீட்டுக் கதை. எங்கள் நிலம் கீழ்பவானியின் கடைமடையில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் ஒரு குறைமழை ஆண்டு வந்தது. எங்கள் மதகுக்கு அந்த வருஷம் புஞ்சை முறை. மார்கழியில் அப்பா போன் செய்தார்.

"ஏங் கண்ணு, கடலை போடலாமா? தண்ணி கடைசி வரைக்கும் வருமா?"

பவானிசாகரில் இருந்த தண்ணீர் நாலு நனைப்புக்குத்தான் காணும். ஐந்தாவது நனைப்பு இல்லாமல் கடலை தேறாது. ஆனால் மலைமேல் அணைகளில் தண்ணீர் இருந்தது. எனக்கு இரண்டு எண்ணும் தெரியும். இரண்டையும் கூட்டினேன். ஐந்துக்கு மேலேயே வந்தது. "வருமுங்கப்பா, போடுங்க" என்றேன். என்ஜினீயர் மகன் சொல்லிவிட்டான் என்று அப்பா போட்டது மட்டும் இல்லை, பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேரும் போட்டார்கள்.

நாலு நனைப்பு வந்தது. ஐந்தாவது வரவில்லை. மலைமேல் தண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் அது கோடைக்கால மாலை மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வைத்த தண்ணீர். இறங்கி வரும்தான், ஆனால் ஏப்ரல், மேயில் கொஞ்சம் கொஞ்சமாக. கடலைக்கு வேண்டியது மார்ச்சில், மொத்தமாக. அதைப் பிடித்து வைத்தவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தப்பு என் கூட்டலில். இரண்டு அணையின் அளவைக் கூட்டினேன், இரண்டு அணையின் நாளைக் கூட்டவில்லை.

காய் பிடிக்கிற நேரத்தில் செடி வாடிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் முக்கால்வாசி பொக்கு. நான் ஊருக்குப் போனபோது அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களத்தில் உட்கார்ந்து ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டு, "இல்லைன்னு சொல்லியிருந்தா நான் வெதைச்சிருக்கவே மாட்டேன் கண்ணு. சோளத்தை வெதைச்சு மாட்டுக்குத் தட்டாவது பண்ணியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தையைத்தான் நான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீர் குறைவு என்பதை எங்கள் அப்பா எத்தனையோ தடவை பார்த்தவர். அது அவருக்குப் புதிதல்ல. அவரை நஷ்டப்படுத்தியது குறைவு இல்லை, குறைவு என்று உரிய நேரத்தில் சொல்லாதது.

இது நம் ஊர்ப் பிரச்சனை மட்டும் அல்ல. பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் க்ளென் கேன்யன் என்று ஓர் அணை. அதன் பின்னால் நிற்பது பவல் ஏரி. கீழே லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம், அணையில் மின் நிலையம், ஏரியில் படகுச் சுற்றுலா. நம் மூன்று காலண்டரும் அங்கே உண்டு, இன்னும் பெரிய எழுத்தில். கடல்மட்டத்திலிருந்து 3,490 அடிக்குக் கீழே நீர்மட்டம் போனால் அங்கே டர்பைனை ஓட்ட முடியாது. 2022இல் மட்டம் அதை நோக்கி இறங்கியது. படகு இறக்கும் தளங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் எட்டாமல் நின்றன. அந்த ஆண்டு மே மாதம் இரண்டு முடிவு எடுத்தார்கள். பவல் ஏரியிலிருந்து கீழே விடும் ஆண்டு அளவை 4,80,000 ஏக்கர் அடி குறைத்தார்கள். நம் கணக்கில் சுமார் 21 டி.எம்.சி. மேலே உள்ள ஃப்ளேமிங் கார்ஜ் அணையிலிருந்து 5,00,000 ஏக்கர் அடி, அதாவது கிட்டத்தட்ட 22 டி.எம்.சி., பவலுக்கு இறக்குவது என்று முடிவு செய்தார்கள். நம் பவானிசாகர் முழுசும் 32.8 என்பதை நினைத்துப் பாருங்கள்.

அங்கேயும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. ஒரு ஏரியைக் காப்பாற்ற இன்னொரு ஏரியை இறக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் 3,490 என்ற கோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. விவசாயிக்கும் தெரியும், படகுக்காரனுக்கும் தெரியும், பத்திரிகைக்கும் தெரியும். எவ்வளவு குறைக்கிறோம் என்பதையும் எண்ணில் சொன்னார்கள்.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என்ஜினீயருக்கு அழகு இல்லை. எனக்குப் பட்ட நாலு விஷயத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, கடைசி நனைப்பை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். நாம் வழக்கமாக மேலிருந்து கீழே கணக்குப் போடுகிறோம். முதல் நனைப்பைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் கையை விரிக்கிறோம். இதை மாற்றிப் போட வேண்டும். ஐந்து நனைப்புக்குத் தண்ணீர் இல்லை என்றால், ஒவ்வொரு நனைப்பிலும் இரண்டு நாள் குறைத்து ஐந்தையும் கொடுக்கலாம். அல்லது, பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று விதைக்கு முன்பே சொல்லலாம். பத்து சதவீதம் குறைவு என்பதைப் பயிர் தாங்கும். கடைசியில் மொத்தமாக இல்லை என்பதைத் தாங்காது. முன்கூட்டியே கொஞ்சம் பசியைப் பழகிக்கொண்டால் பின்னால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அணை இயக்கப் புத்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய சமன்பாடு இருக்கிறது. நம் ஹாஸ்டல் வார்டனுக்கு அந்தச் சமன்பாடு தெரியாது. ஆனால் கோடையில் டேங்கில் கால்வாசி இருக்கும்போதே குளிக்கிற நேரத்தைக் குறைத்து போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, மெஸ் சமையலுக்கு ஒரு டேங்கைப் பூட்டி வைத்தார் அல்லவா? அப்போது அவரைத் திட்டாதவன் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட மெஸ் நிற்கவில்லை.

இரண்டாவது, தண்ணீரை எங்கே நிறுத்தி வைப்பது என்பது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 60 லட்சம் லிட்டர் போய்விடும். பவானிசாகர் நிறைந்தால் பல பத்து சதுர கிலோமீட்டருக்கு விரிந்து வெயிலில் காயும். மலைமேல் அணைகள் குளிரில் ஆழமாக நிற்கின்றன. ஆகையால் உடனே தேவைப்படாத தண்ணீர் மலைமேலேயே இருப்பது எல்லோருக்கும் லாபம். பயிருக்கு வேண்டிய வாரத்தைக் கணக்கிட்டு, அதற்கு முன்னால் மாலை மாலை டர்பைன் வழியாக இறக்கினால், மின்சாரமும் ஆச்சு, பாசனமும் ஆச்சு. ஏரியில் படகும் அதுவரை ஓடும். மணிக்கு மணி ஏறி இறங்கும் தண்ணீரைப் பவானிசாகர் தன் வயிற்றில் வாங்கிச் சமப்படுத்திக் கால்வாய்க்குச் சீராகக் கொடுத்துவிடும். அதற்காக எப்போதும் மேலே நிறைத்தே வைத்திருக்கவும் கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஜூனுக்கு முன் மேலே கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஆக, மே மாதத்துக்குள் இறக்கத்தான் போகிறோம் என்றால், அதில் ஒரு பங்கை மார்ச்சிலேயே இறக்கி ஒரு நனைப்பைக் காப்பாற்ற முடியுமா என்று இரண்டு தரப்பும் ஜனவரியிலேயே உட்கார்ந்து பேசலாம். மார்ச் மாதம் பேசினால் அது பேச்சு இல்லை, மறியல்.

மூன்றாவது, ஆற்றில் இறங்குகிறவர்களின் உயிர். மாலையில் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரேயடியாகத் திறக்காமல் படிப்படியாக ஏற்றலாம். விடுவதற்கு முன் சங்கு ஊதலாம். அந்தச் சங்குச் சத்தம் மின் நிலைய வாசலில் கேட்டால் போதாது, குளிக்கிற துறையில் கேட்க வேண்டும். "அபாயம்" என்று மட்டும் பலகையில் எழுதினால் எங்களைப் போன்ற ஆறு பேர் படிக்க மாட்டார்கள். "இன்று மாலை 4 மணிக்கு இங்கே தண்ணீர் இடுப்பளவு ஏறும்" என்று எழுதினால் படிப்பார்கள்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். கணக்கைக் கணக்கு புரிகிறவர்களுக்கு மட்டும் சொல்லாமல், பாதிக்கப்படுகிறவருக்குப் புரிகிற அளவையில் சொல்ல வேண்டும். "நீர்மட்டம் 71 அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி." என்று பேப்பரில் போட்டால் எங்கள் அப்பாவுக்கு என்ன தெரியும்? "இன்றைய நிலையில் உறுதியாக நாலு நனைப்பு. ஐந்தாவது சந்தேகம். மலைமேல் உள்ளது ஏப்ரலுக்குப் பிறகுதான் வரும்" என்று கூட்டுறவுச் சங்கத்துப் போர்டில் வாரம் ஒரு முறை எழுதிப் போட்டால் போதும். முடிவை அவர் எடுத்துக்கொள்வார். நம்மைவிட நன்றாகவே எடுப்பார்.

இதை நான் அப்பாவிடம் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தடவை மலைமேல் ஏரி ஒன்றில், தண்ணீர் இறங்கிப் படகுத்துறை சேற்றில் நின்றபோது, அங்கே படகு ஓட்டும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஏரியை இறக்கியதற்காக என்னைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "தண்ணிய எடுக்கிறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். கீழ வெவசாயம் பண்றவங்களுக்கும் வேணுமில்ல. எந்த வாரம் படகு நிக்கும்னு ஒரு மாசம் முன்னாடி சொன்னீங்கன்னா நான் கேரட் காட்டுக்கு வேலைக்குப் பேசி வச்சுக்குவேன். சீசன் நாளுல காலையில வந்து பூட்டுனதைப் பாத்துட்டுத் திரும்பிப் போறதுதான் தாங்க முடியலை."

களத்தில் எங்கள் அப்பா சொன்னதும் இதுவேதான். ஒருவருக்கு 200 கிலோமீட்டர் கால்வாயின் கடைசி. இன்னொருவருக்கு மலையுச்சி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கேட்டது ஒன்றே: இல்லை என்றால் முன்னாடியே சொல்லுங்கள்.

நமக்குக் கல்லூரியில் "உண்டு" என்று சொல்லத்தான் பழக்குகிறார்கள். பாலம் நிற்கும், தூண் தாங்கும், தண்ணீர் வரும். "இல்லை" என்று சொல்லவும் ஒரு கணக்கு வேண்டும், ஒரு தைரியமும் வேண்டும். ஜனவரியில் இல்லை என்று சொன்னால் கூட்டத்தில் திட்டு விழும். சொல்லிவிட்டு பிப்ரவரியில் மழை பெய்துவிட்டால் இன்னும் கேலியாகும். அதற்குப் பயந்து மார்ச் வரை தள்ளிப்போடுகிறோம். நம் சங்கடத்தைத் தள்ளிப்போட்டு அவர்கள் நஷ்டத்தைப் பெரிதாக்குகிறோம். நான் செய்தது அதுதான். சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். என்ஜினீயர் மகன் என்ற பெயருக்கு அது குறைச்சல் என்று தோன்றியது போலிருக்கிறது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய ரிப்போர்ட்டுக்குப் புது அட்டை போடும் கலை எனக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உண்மையாகவே செய்யத் தகுந்த வேலை இங்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. மின் நிலையத்திலிருந்து விட்ட தண்ணீர் ஒவ்வொரு குளிக்கும் துறைக்கும் எத்தனை நிமிஷத்தில் வருகிறது, எத்தனை அடி ஏறுகிறது என்று நாலு துறையில் அளவுகோல் நட்டு, உரிய அனுமதி வாங்கி, கரையில் நின்று அளந்து பாருங்கள். கால்வாயில் ஒரு மைலுக்கு எவ்வளவு கசிகிறது, அந்தக் கசிவு யார் கிணற்றுக்குப் போகிறது என்று பாருங்கள். கசிவும் வீண் இல்லை, அதை நம்பியும் கிணறுகள் இருக்கின்றன. அல்லது ஒரே ஒரு ஊரின் போர்டில் "எத்தனை நனைப்பு" என்று ஒரு பருவம் முழுக்க எழுதிப் போட்டு, விவசாயிகள் அதைப் பார்த்து விதைப்பை மாற்றினார்களா என்று கேட்டு வாருங்கள். வண்டிச் செலவு என்னுடையது. வெயிலில் தொப்பி உங்களுடையது.

முடிக்கும் முன் எங்கள் அப்பாவின் சேதி சொல்ல வேண்டும். அவர் இன்னமும் விவசாயம் பார்க்கிறார். இன்னமும் மார்கழியில் போன் செய்கிறார். போன முறை கேட்டபோது, "நாலு நனைப்பு நிச்சயமுங்கப்பா. அஞ்சாவது சந்தேகம். என் கணக்குக்கு வராதுங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "சரி கண்ணு, அப்ப எள்ளு போட்டுக்கறேன்" என்றார். எள்ளுக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். அந்த வருஷம் ஐந்தாவது நனைப்பு வரவில்லை. எள்ளு வந்தது. இங்கே கிளம்பும்போது அம்மா ஒரு தூக்குப் போசியில் எள்ளுருண்டை கொடுத்துவிட்டார்கள். வெளியே மேஜையில் வைத்திருக்கிறேன். முதல் வரிசைக்காரர்கள் நிறைய எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு இல்லாமல் செய்துவிடாதீர்கள். கடைமடைக்காரன் சொல்கிறேன், கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.